சிங்க் அடைத்துக்கொண்டால் நாமே சரிசெய்யலாமா, பிளம்பரைக் கூப்பிட வேண்டுமா?

சமையலறை சிங்கில் இரண்டு நாளாகத் தண்ணீர் இறங்கவில்லை, காஸ்டிக் பொடி போடலாமா, ஆசிட் ஊற்றலாமா, எந்தக் கட்டத்தில் பிளம்பரைக் கூப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். 'ஆசிட்' என்ற சொல்லைப் பார்த்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். இந்நேரம் நீங்கள் எதையாவது ஊற்றித்தான் இருப்பீர்கள். ஊற்றியிருந்தால் அதன்மேல் இன்னொன்றை ஊற்றாதீர்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

நான் பிளம்பர் அல்ல. 31 ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். சேலத்தில் அம்மாபேட்டைப் பக்கம் வீடு. 'வேதியியல் ஆசிரியருக்கே இது தெரியாதா' என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

போன ஏப்ரல் மாதம். சென்னையில் இருக்கும் என் தங்கைக்கு ஜவ்வரிசி வடகம் வேண்டுமாம். சேலத்தில் குடியிருந்தால் நம் கொல்லையிலேயே ஜவ்வரிசி காய்க்கிறது என்று வெளியூர் உறவினர்களுக்கு ஒரு நினைப்பு. ஐந்து கிலோ வாங்கி வந்தேன். விலை கொஞ்சம் குறைவு என்று உடைசலும் தூளுமாக இருந்ததை வாங்கியது என் தவறு. என் மனைவி அதை மூன்று தண்ணீர் கழுவினாள். மூன்றும் பால்போல வெள்ளையாகச் சிங்கில் இறங்கின. மறுநாள் வடகம் பிழிந்து முடித்து, அண்டாவின் அடியில் ஒட்டியிருந்த கூழையும் அங்கேயே கழுவிவிட்டாள். சாயங்காலம் சிங்க் 'களக், களக்' என்று இரண்டு முறை சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

நான் ஒரு கெட்டில் கொதிநீரை ஊற்றினேன். இங்கேதான் முதல் கோணல். குழாய் வளைவில் தங்கியிருந்தது எண்ணெய் அல்ல, ஜவ்வரிசி செய்கிற வேகாத குச்சிக்கிழங்கு மாவு. அது அறுபது, எழுபது டிகிரி சூட்டிலேயே பொங்கிப் பசையாகிவிடும். எங்கள் தெருவில் தறிக்காரர்கள் பாவுக்குக் கஞ்சி காய்ச்சுவதை ஐம்பது வருடமாகப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே கஞ்சியை என் வீட்டுக் குழாய்க்குள் நானே காய்ச்சிவிட்டேன்.

அடுத்தது காஸ்டிக் சோடா. சாயப்பட்டறையில் வேலை செய்யும் அண்டை வீட்டுக்காரரிடம் ஒரு டம்ளர் வாங்கி வந்து போட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு அடைப்பு என்றால் காஸ்டிக் கொஞ்சம் வேலை செய்யும், எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். அந்தச் சோப்பே கொஞ்சம் தள்ளிப்போய் இறுகிக்கொள்வதும் உண்டு. மாவுச்சத்தையோ காரம் சுடவைக்காமலேயே கூழாக்கிவிடும். ஆகவே கஞ்சி இன்னும் கெட்டியானது. சிங்க் மட்டும் தொட்டால் சுடும்படி ஆகியிருந்தது.

அரைமணி நேரம் காத்திருந்தேன். அசையவில்லை. மனைவி வாசலில் நின்றுகொண்டு, "பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்றால் கேட்பதில்லை" என்றாள். அந்த வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அடுத்ததைச் செய்திருக்க மாட்டேன் என்றே இன்றும் நம்புகிறேன். குளியலறையில் இருந்த ஆசிட் பாட்டிலை எடுத்து வந்து ஊற்றினேன். காரமும் அமிலமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! கூடவே வெப்பம் வரும் என்பதையும் எழுதியிருக்கிறேன். சிங்க் ஒரு நொடியில் கொதித்துத் தெறித்தது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. வலது முன்கையில் நான்கைந்து இடத்தில் பட்டது.

புறக்கடைக் குழாயில் இருபது நிமிடம் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் பேனா மை என்றார், ஒருவர் மஞ்சள் என்றார், ஒருவர் பற்பசையோடு ஓடிவந்தார். ஓடுகிற தண்ணீர் தவிர எதுவும் கூடாது. அந்த அளவுக்காவது நான் படித்தது உதவியது. கண்ணில் பட்டிருந்தால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும்.

எனக்கு அதைவிட உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. பிளம்பர் தம்பி வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, "உள்ளே ஏதாவது ஊற்றினீர்களா சார்?" என்று கேட்டார். நான், "வெந்நீர்தான்" என்றேன். பொய். எதிரில் நிற்பவர் தலைக்கு மேலே அந்தச் சிங்க் நிறையக் காரத்தண்ணீர் நிற்கிறது, அவர் கீழே படுத்துக் குழாயைக் கழற்றப் போகிறார், நானோ என் மானத்தைப் பார்த்தேன். மனைவிதான் பின்னால் இருந்து சொன்னாள்: "காஸ்டிக் போட்டார், அதன்மேல் ஆசிட்டும் ஊற்றினார் தம்பி."

அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். வண்டிக்குப் போய்க் கையுறையும் கண்ணாடியும் எடுத்து வந்தார். ஜன்னலைத் திறந்தார். பழைய மக்கால் சிங்கை மொண்டு வாளியில் ஊற்றினார். நிறையத் தண்ணீர் சேர்த்து நீர்க்கவைத்தார். பிறகுதான் கீழே வாளியை வைத்து, சிங்குக்கு அடியில் தண்ணீர் தங்கி நிற்கும் பாட்டில் டிராப்பைக் கழற்றினார். ரப்பர் பந்துபோல ஒரு வெள்ளைக் கட்டி விழுந்தது, நடுவில் ஒரு துண்டுக் கம்பி நாரோடு. வேலை இருபது நிமிடம். கூலி 500 ரூபாய். பாட்டில் டிராப் கையாலேயே கழற்றக்கூடியது என்பதை அன்றுதான் பார்த்தேன். ஸ்பேனர்கூட வேண்டாம்.

ஆகவே உங்கள் சிங்குக்கு முதல் வேலை அதுதான். எதுவும் ஊற்றாதவராக இருந்தால் மட்டும். நிற்கிற தண்ணீரை மொண்டுவிட்டு, அடியில் வாளி வைத்து, கிண்ணம்போல் இருக்கும் அடிப்பகுதியைத் திருகினால் வந்துவிடும். ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்; மாற்றிப் போட்டால் சொட்டும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் மாட்டிவிட்டு, சிங்க் துளைமேல் வைத்து அழுத்தி இழுக்கும் ரப்பர் பம்பு. கப் மூழ்கும் அளவு தண்ணீர் இருக்க வேண்டும், மேலே ஓவர்ஃப்ளோ துளை இருந்தால் ஈரத்துணியால் இறுக்கி அடைக்க வேண்டும். துணி அடைக்காமல் அடித்தால் காற்று அந்த வழியே போய்விடும், வெறும் உடற்பயிற்சிதான். அதற்கும் அசையாவிட்டால் குழாய்க்குள் விட்டுச் சுழற்றும் ஸ்பிரிங் கம்பி. வெந்நீர் எண்ணெய்ப் பிசுக்குக்கு மட்டும், அதுவும் கை பொறுக்கும் சூட்டில். பிவிசி குழாய் கொதிநீருக்குச் செய்ததல்ல, இணைப்புகள் இளகிவிடும்.

வினிகரும் சமையல் சோடாவும் போதுமே என்று யாராவது வருவீர்கள். நுரை அழகாக வரும். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர்தான். ஆளைக் கொல்லாது என்பதால் நான் எதிர்க்கவில்லை. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்ப்பது அப்படியல்ல. வருவது குளோரின், 1915-இல் போர்க்களத்தில் திறந்துவிட்ட அதே வாயு. கதவு மூடிய குளியலறையில் அந்தச் சோதனை வேண்டாம்.

பிளம்பரை எப்போது? சிங்கில் ஊற்றினால் குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் துளையில் (நஹானி டிராப்) தண்ணீர் மேலேறுகிறதா, கழிப்பறையில் குமிழி விடுகிறதா, அப்போது அடைப்பு உங்கள் சிங்கில் இல்லை, பொதுக் குழாயில் இருக்கிறது. வெளியே கழிவுநீர்க் குழாய்கள் சேரும் தொட்டியின் (சேம்பர்) மூடியைத் தள்ளி நின்று திறந்து பாருங்கள். நிறைந்திருந்தால் அடைப்பு அதற்கு அப்பால். காலியாக இருந்தால் வீட்டுப் பக்கம். இதைச் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறவர் நேரம் மிச்சம். எடுத்த அடைப்பு ஒரு வாரத்தில் திரும்பி வந்தாலும், சுவரில் ஈரம் பூத்தாலும், ரசாயனம் ஊற்றியிருந்தாலும் கூப்பிடுங்கள். செப்டிக் டேங்க் என்றால் உறிஞ்சும் வண்டி மட்டும்தான். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே இருக்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். "பழக்கப்பட்ட ஆள்தான், நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் இறங்குவான்" என்று பேசுகிறவர்களை எங்கள் தெருவிலேயே கேட்டிருக்கிறேன்.

அந்த வாளித் தண்ணீர் எங்கே போயிருக்கும் என்றும் நினைத்துக்கொள்கிறேன். சேர்வராயன் மலையில் பிறந்து ஊர் நடுவே வரும் திருமணிமுத்தாற்றுக்குத்தான். அதில் குளித்ததாக என் அப்பா சொல்வார். இன்று மூக்கைப் பொத்தாமல் அதன் பாலத்தைக் கடக்க முடியாது. சாயப்பட்டறைகளை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் குரல் தாழ்ந்துவிட்டது.

வடகம் காய்ந்து, டப்பாவில் போட்டு, பஸ்ஸில் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. என் கையில் தழும்பு ஆறவில்லை. தங்கை போன் செய்து, "அண்ணா, வடகம் நன்றாகத்தான் இருக்கிறது, அண்ணியிடம் உப்பு மட்டும் ஒரு கல் தூக்கல் என்று சொல்" என்றாள். நான் சொல்லவில்லை. எனக்கு ஒரு சிங்க் போதும்.

இந்த வருடம் ஏழு கிலோ கேட்டிருக்கிறாள். கழுவிய தண்ணீரை இனித் தென்னைமரத்தடியில்தான் ஊற்றுவது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது.