கால்வெஸ்டனில் தூண்டில் போட லைசென்ஸ் எதற்கு?

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் குடியேறி எட்டு மாதம் ஆகிறது. பன்னிரண்டு வயது மகனை கால்வெஸ்டனுக்கு மீன் பிடிக்க அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவோம். அதற்கும் லைசென்ஸ் வேண்டுமா? அலுவலகத்தில் மான் வேட்டைக்குப் போகும் நண்பர் ஒருவர், "இந்த நாட்டில் காட்டு விலங்கு பிழைத்திருப்பதே எங்கள் காசில்தான்" என்கிறார். கொல்பவரே காப்பாற்றுகிறார் என்பது வேடிக்கையாக இல்லையா?

பதில்: முதலில் லைசென்ஸ். மகனுக்கு வேண்டாம், டெக்சாஸில் 17 வயது நிரம்பாதவர்களுக்கு விலக்கு உண்டு. உங்களுக்கு வேண்டும். மீனை விட்டுவிட்டாலும் தூண்டில் போட்டாலே அது மீன்பிடிப்புதான். மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் உள்ளூர்வாசிக்கான கட்டணம் போதும். விசாவில் இருக்கிறீர்களா, குடியுரிமை பெற்றவரா என்பது இதில் பொருட்டல்ல. கடல் மீனுக்கான உள்ளூர் லைசென்ஸ் 35 டாலர். ஆகஸ்ட் 31 வரைதான் செல்லும் என்பதால் கோடையின் கடைசியில் ஓராண்டு லைசென்ஸ் வாங்குவது வீண். ஒருநாள் லைசென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் வேண்டாம் என்றால், மாநிலப் பூங்காக்களுக்குள் கரையில் நின்று பிடிக்க லைசென்ஸே தேவையில்லை. கால்வெஸ்டன் தீவிலேயே அப்படி ஒரு பூங்கா இருக்கிறது. நுழைவுக் கட்டணம் உண்டு. அளவு, எண்ணிக்கை விதிகள் அங்கேயும் பொருந்தும்.

அந்த அளவு விதியில்தான் விஷயமே இருக்கிறது. கால்வெஸ்டனில் பலரும் தேடிப்போவது ரெட்ஃபிஷ் எனப்படும் ரெட் டிரம். நம்மூர் கத்தாளை, கூரல் குடும்பத்து மீன். 20 அங்குலத்துக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது. 28 அங்குலத்தைத் தாண்டியதையும் கூடாது. இடைப்பட்டதில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று. பெரிய மீன் ஒன்றை எடுத்துக்கொள்ள லைசென்ஸோடு ஒரு டேக் தருவார்கள்.

சின்ன மீனை விடச் சொல்வது எல்லோருக்கும் புரியும். பெரியதை ஏன் விட வேண்டும்? இந்த மீன் முதல் சில வருடங்களைக் கரையோரக் கழிமுகங்களில் கழிக்கிறது. பருவம் வந்ததும் வெளிக்கடலுக்குப் போய்விடுகிறது; அங்கே முப்பது, நாற்பது வருடம்கூட வாழும். முட்டையிடும் கூட்டம் அதுதான். உடம்பு பெருக்கப் பெருக்க ஒரு பெண் மீன் விடும் முட்டையும் பெருகும். நடுத்தர மீனைப் பிடித்துக்கொள், தாய் மீனைத் தொடாதே என்பதுதான் கணக்கு. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளை நிறுத்திவைப்பதும் இதே நோக்கத்தில்தான். அங்கே நாளை வைத்துக் காக்கிறார்கள், இங்கே அங்குலத்தை வைத்து.

விதி சும்மா வந்ததில்லை. 1970களில் வலைபோட்டு வாரியதில் ரெட்ஃபிஷ் அடிவாங்கியது. 1981இல் டெக்சாஸ் தன் கடலில் பிடித்த ரெட்ஃபிஷ் விற்பனையையே தடை செய்தது. அப்புறம் குஞ்சு பொரிப்பகம் அமைத்துக் குஞ்சுகளை விட்டார்கள். மீன் திரும்பியது. மீனவர்களில் ஒரு பகுதியினர் பிழைப்பை இழந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தூண்டில்காரர்கள் இதைச் சொல்லும்போது அந்தப் பகுதியை விட்டுவிடுவார்கள்.

களத்தில் கவனிக்க வேண்டியவை சில. அளக்கும்போது வாயை மூடி, வால் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து அளக்க வேண்டும். கரைசேரும் முன்பே தலையையும் வாலையும் வெட்டிவிடாதீர்கள், அதிகாரி வந்தால் அளக்க எதுவும் இருக்காது. வீச்சு வலையில் ரெட்ஃபிஷ் சிக்கினால் அளவு சரியாக இருந்தாலும் விட்டுவிடத்தான் வேண்டும். இதைத் தூண்டிலில் மட்டுமே பிடிக்கலாம்.

சரி, நண்பர் சொன்னதற்கு வருவோம். பெரும்பாலும் உண்மை. 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி. தயாரிப்பாளர் கட்டுவதால் கடையில் விலையோடு கலந்துவிடும். 1950இல் இதே மாதிரி தூண்டில் சாமான்களுக்கும் வந்தது. நீங்கள் வாங்கும் ரீலில் அந்த வரி இருக்கிறது. இந்தப் பணம் மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது; லைசென்ஸ் எடுத்தவர்களின் எண்ணிக்கையும் மாநிலத்தின் பரப்பும்தான் அளவுகோல். ஆக, பிடித்த மீனை விட்டுவிடுகிற உங்கள் லைசென்ஸும் அந்தக் கணக்கில் ஒரு தலை.

என் பார்வையில் இந்தச் சட்டத்தின் உயிர் வரியில் இல்லை, அதோடு வந்த நிபந்தனையில் இருக்கிறது. வேட்டை லைசென்ஸ் பணத்தைச் சாலைக்கோ பள்ளிக்கோ திருப்பிவிடும் மாநிலத்துக்கு இந்த நிதி கிடையாது. பூட்டிய உண்டியல். அந்தப் பணத்தில்தான் கணக்கெடுப்பு, ஆராய்ச்சி, நிலம் வாங்குவது எல்லாம் நடக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு முழுக்க ஐந்து லட்சத்துக்குள் சுருங்கிப்போன வெள்ளைவால் மான் இன்று சுமார் மூன்று கோடி. ஓநாய் இல்லாத இடங்களில் மான் அளவுக்கு மீறிப் பெருகி இளம் மரக்கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிடுகிறது. அங்கே பெண் மானைச் சுட அனுமதிப்பதும் காட்டைக் காக்கும் ஒரு வழிதான்.

ஆனால் நண்பரின் பேச்சில் ஒரு தாவல் இருக்கிறது. மானை முதலில் அழித்ததும் துப்பாக்கிதான், சந்தைக்காகச் சுட்டவர்களின் துப்பாக்கி. எண்ணுவது, வரம்பு போடுவது, பணத்தைப் பூட்டுவது மூன்றும் சேர்ந்ததால்தான் அது மீண்டது. வேட்டை தானாக எதையும் காப்பாற்றவில்லை. மீண்டதும் நிரந்தரமல்ல. அட்லாண்டிக் கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் மீனுக்கு மேரிலாந்து 1985 முதல் ஐந்து வருடம் முழுத்தடை போட்டது. 1995இல் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். 2019இல் வந்த மதிப்பீடு மறுபடியும் இருப்பு குறைந்துவிட்டது என்றது. யாரும் வேட்டையாடாத தவளை, பாட்டுப் பறவை, வண்ணத்துப்பூச்சிக்கு இந்த ஏற்பாட்டில் கிடைப்பது மிச்சம் மீதிதான். அதைச் சரிசெய்ய வந்த மசோதா 2022இல் கீழவையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது.

சுடுவதில் மனம் ஒப்பவில்லை, ஆனால் பங்களிக்க ஆசை என்றால் 25 டாலருக்கு வாத்து முத்திரை (டக் ஸ்டாம்ப் எனப்படும், அரசு விற்கும் ஸ்டாம்ப்) வாங்குங்கள். 1934இல் ஒரு டாலருக்குத் தொடங்கியது. வாத்து வேட்டைக்காரர்களுக்குக் கட்டாயம், மற்றவர்களும் வாங்கலாம். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்புநிலங்களைக் காக்கப் போகிறது. கட்டணம் வாங்கும் தேசிய வனவிலங்குப் புகலிடங்களுக்கு அதுவே நுழைவுச் சீட்டு. தபால் அலுவலகங்களில் கேட்டுப்பாருங்கள், ஆன்லைனிலும் கிடைக்கும்.