ஒன்றரை ஏக்கரும் ஒரு டிஸ்க்கும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

கல்லூரியில் வாலிபால் ஆடியதையும், முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு ஆட்டத்தை விட்டதையும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். எனக்கு 26 வயது. கபடி ஆடுகிறேன், லெஃப்ட் கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று ரெய்டரைப் பிடிப்பவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலையில் இருக்கிறேன். போன வருஷம் ஒரு போட்டியில் ரெய்டரின் கணுக்காலைப் பிடித்தபோது என் மேல் நாலு பேர் விழுந்தார்கள். அன்று தொடங்கியது இடுப்பு வலி. இரண்டு மாதத்தில் அது இடது காலின் பின்பக்கமாக இறங்கி, சுண்டுவிரல் வரை மரத்துப்போக ஆரம்பித்தது. இப்போது இடுப்பைவிடக் கால்தான் பாடாய்ப் படுத்துகிறது. எம்.ஆர்.ஐ.யில், முதுகெலும்பின் அடியில் இருக்கும் எல்5-எஸ்1 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று வந்தது.

தஞ்சாவூரில் பார்த்த டாக்டர் பிதுங்கிய துண்டை மட்டும் எடுத்துவிடலாம் என்றார். இன்னொருவர், ஸ்க்ரூ வைக்க வேண்டிவரும், கபடியை மறந்துவிடு என்றார். இதற்கிடையில் ஒரு ஏஜென்ட் அறிமுகமானார். ஜெர்மனியில் டிஸ்க்கையே மாற்றிவிடுவார்கள், மூன்றே மாதத்தில் களம் இறங்கலாம், இந்தியாவில் இந்த வசதியே கிடையாது என்கிறார். கிரிக்கெட் வீரர் பும்ராவே வெளிநாடு போய்த்தானே முதுகைச் சரிசெய்துகொண்டார் என்றும் கேட்கிறார். எல்லாம் சேர்த்து 30 லட்சம். அப்பா ஒன்றரை ஏக்கரை விற்க ஆள் பார்த்துவிட்டார். சம்பாவுக்கு இன்னும் நாற்றுகூட விடவில்லை. நான் ஊசியிலும் மாத்திரையிலும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். போகலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ, வராமல் அடைத்துக்கொண்டாலோ, சைக்கிள் சீட்டில் படுகிற இடமெல்லாம் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, ஜெர்மனியும் வேண்டாம், என் பதிலும் வேண்டாம். அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அது ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத விஷயம்.

நான் டாக்டர் இல்லை. இடுப்பில் ஒரு சின்னத் தழும்பு உள்ளவன், அவ்வளவுதான். எனக்கு 34 வயதில் வந்தது, உங்களுடையதற்கு ஒரு படி மேலே, எல்4-எல்5. காலையில் பல் துலக்கிவிட்டு வாஷ்பேசினில் குனிந்து துப்ப முடியாது. நிமிர்ந்தபடியே துப்பி, எதிர்க் கண்ணாடி முழுக்க பேஸ்ட் நுரை தெறிக்கும். மனைவி ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிட்டுப் போவாள். தும்மல் வருகிறது என்றால் ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொள்வேன். அந்த நாட்களில் யாராவது வந்து செவ்வாய் கிரகத்தில் நல்ல டாக்டர் இருக்கிறார் என்று சொல்லியிருந்தால், டிக்கெட் எவ்வளவு என்றுதான் கேட்டிருப்பேன். அதனால் உங்கள் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த ஏஜென்ட் உங்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டதாகவே தெரியவில்லை. இடுப்பு வலிக்கிறதா, கால் வலிக்கிறதா? நீங்களாகவே எழுதியிருக்கிறீர்கள், கால்தான் என்று. முழு விவகாரமும் அதில்தான் இருக்கிறது.

டிஸ்க் என்பது இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்து கூழ் பிதுங்கிப் பக்கத்து நரம்பை மிதித்தால் வலி காலில் இறங்கும். ஊரில் ஜவ்வு விலகிவிட்டது என்கிறோமே, அது. சுண்டுவிரல் வரை போகிறதென்றால் பெரும்பாலும் எஸ்1 நரம்பு. இதற்குச் செய்வது நரம்பை மிதிப்பதை விலக்கிவிடுவதுதான். பிதுங்கிய துண்டை மட்டும் பின்பக்கமாகப் போய் எடுத்துவிடுவார்கள். உங்கள் தஞ்சாவூர் டாக்டர் சொன்னது இதைத்தான். பலருக்கு அதுகூடத் தேவைப்படுவதில்லை. பிதுங்கிய துண்டை உடம்பே மெல்லக் கரைத்துவிடுவதும் உண்டு, ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் கால்வலி தணிந்துவிடுகிறது. உங்களுக்கு மாதக்கணக்காகிவிட்டது, மரத்தும் போகிறது. ஆபரேஷன் பேச்சு வந்ததில் தப்பில்லை.

டிஸ்க்கை மாற்றுவது வேறு கதை. மெத்தையே தேய்ந்துபோய், அந்த டிஸ்க்கே இடுப்பு வலிக்குக் காரணம் என்று உறுதியானவர்களுக்கு, மாதக்கணக்கில் பிசியோதெரபி செய்தும் தீராதபோது, மேலும் கீழும் உள்ள எலும்புகளை ஸ்க்ரூ போட்டு ஒட்டவைப்பதற்குப் பதிலாகச் செய்வது அது. பின்னால் இருக்கும் சிறுமூட்டுகள் தேய்ந்திருந்தால் செய்ய மாட்டார்கள். எலும்பு முன்னால் நழுவியிருந்தால், பின்வளைவில் விரிசல் இருந்தால் செய்ய மாட்டார்கள். கார்னரில் நின்று நாள் முழுக்கக் குனிந்து முறுக்குகிற உங்களுக்கு அந்த விரிசல் இல்லை என்று யாராவது பார்த்தார்களா? எம்.ஆர்.ஐ.யில் அது சில சமயம் தப்பிவிடும். நின்றபடி, குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரே வேண்டும், சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் வேண்டும்.

பும்ரா கதையும் இங்கேதான் உதைக்கிறது. அவர் 2023 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் செய்துகொண்டது டிஸ்க் மாற்று இல்லை. வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வரும் எலும்பு அழுத்த முறிவு சம்பந்தப்பட்டது அது. ஆகஸ்டில் அயர்லாந்து தொடரில் கேப்டனாகவே திரும்பினார், உண்மை. ஆனால் எலும்பு ஒட்டும். டிஸ்க்குக்கு ரத்தக் குழாயே கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டுகள் வழியாகக் கசிந்து வருவதுதான் அதன் சாப்பாடு. கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் ராஜசேகரன் எம்.ஆர்.ஐ. வைத்து அந்தக் கசிவை ஆராய்ந்ததற்காக உலக அளவில் அறியப்பட்டவர். டிஸ்க்கைப் பற்றி உலகத்துக்குப் பாடம் எடுத்த ஊர் உங்களுக்கு ராத்திரி பஸ் தூரத்தில் இருக்கிறது, ஏஜென்ட்டோ இந்தியாவில் ஒன்றும் இல்லை என்கிறார். டிஸ்க் மாற்றுகூட நம் நாட்டில் செய்கிறார்கள்.

சரி, ஜெர்மனி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? இது எனக்குப் பிடித்த கதை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கிழக்கு ஜெர்மனியின் காரின் யான்ஸ் என்ற இருபது வயதுப் பெண், ஜிம்னாஸ்டிக்ஸில் வால்ட்டிலும் ஏற்றத்தாழ்வுக் கம்பிகளிலும் இரண்டு தங்கம் வாங்கினார். அப்புறம் மருத்துவம் படித்தார். எலும்பு டாக்டராகி, கிழக்கு பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் குர்ட் ஷெல்நாக் என்பவரோடு சேர்ந்து செயற்கை டிஸ்க் ஒன்றை உருவாக்கினார். மேலும் கீழும் உலோகத் தட்டு, நடுவே வழுக்கும் பிளாஸ்டிக். 1984இல் முதல்முறையாக மனிதருக்குப் பொருத்தினார்கள். முதல் வடிவம் சரிவரவில்லை, இரண்டாவதும் சரிவரவில்லை, 1987இல் வந்த மூன்றாவதுதான் சந்தைக்குப் போனது. கம்பியிலிருந்து எத்தனையோ முறை குதித்து இறங்கிய ஒரு முதுகிலிருந்து இந்த யோசனை பிறந்தது என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. அது என் கற்பனை, அவர் அப்படிச் சொன்னதாகத் தெரியாது.

அமெரிக்க அரசு அந்த டிஸ்க்குக்கு அனுமதி கொடுத்தது 2004 அக்டோபரில்தான். அதுவரை அமெரிக்காவில் ஆய்வுக்காக மட்டும்தான் பொருத்தினார்கள். வேண்டும் என்று நினைத்தவர்கள் ஜெர்மனிக்குப் பறந்தார்கள். உங்கள் ஏஜென்ட் விற்பது அந்தக் காலத்துப் பெயரை. இருபது வருஷத்துக்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு கடை நடத்துகிறார்.

விளையாட்டு வீரர்களுக்கு இது பலித்ததே இல்லையா என்றால், பலித்திருக்கிறது. ஐஸ் ஹாக்கி வீரர் ஜாக் ஐக்கலுக்கு 2021 மார்ச்சில் கழுத்து டிஸ்க் போனது. அவருடைய பஃபலோ அணி ஒட்டவைக்கச் சொன்னது, அவர் மாற்றத்தான் வேண்டும் என்றார். ஒப்பந்தப்படி கடைசிச் சொல் அணியுடையது. மாதக்கணக்கில் இழுபறி, கேப்டன் பதவியும் போனது. நவம்பரில் வேகஸ் அணிக்கு மாறினார், அவர்கள் சம்மதிக்க, ஒரே வாரத்தில் டென்வரில் ஆபரேஷன். 2023 ஜூனில் அந்த ஆட்டத்தின் பெரிய கோப்பையான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். ஆனால் தம்பி, அது கழுத்து. கழுத்து தலையைச் சுமக்கிறது. எல்5-எஸ்1 உங்களையும், உங்கள் மேல் விழுகிற நாலு பேரையும் சுமக்க வேண்டும். இடுப்பு டிஸ்க்குக்கு ஜெர்மன் டாக்டர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. விளையாட்டில் இருந்த 39 பேரில் 37 பேர் திரும்பி ஆடினார்கள். நல்ல எண்தான். ஆனால் 39 பேர்தான், அதில் கபடி ஆடியவர் யாரும் இருக்க வாய்ப்பில்லை. நீண்ட காலம் பார்க்க வேண்டும் என்று அதை எழுதியவர்களே சொன்னார்கள்.

இனி ஏஜென்ட் சொல்லாத ஒன்று. இடுப்பு டிஸ்க்கை முதுகு வழியாக மாற்றுவதில்லை. வயிற்றைத் திறந்து, குடலை ஒதுக்கி, கால்களுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முன்பக்கமாகப் போகிறார்கள். அதற்கென்றே ரத்தக்குழாய் சர்ஜன் ஒருவர் கூட நிற்பதுண்டு. உங்களுடைய எல்5-எஸ்1 இருக்கும் இடத்தில், முன்பக்கம் நரம்பு வலை ஒன்று படர்ந்திருக்கிறது. அதில் அடிபட்டால் ஆண்களுக்கு விந்து வெளியே வராமல் உள்ளே சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உணர்ச்சி இருக்கும், குழந்தை உண்டாவதுதான் சிக்கல். சிலருக்குத்தான் வருகிறது, சிலருக்குத் தானே சரியாகியும்விடுகிறது. ஆனாலும் 26 வயதுப் பையனிடம், பணம் வாங்குவதற்கு முன் இதைச் சொல்ல வேண்டாமா? நம் ஊரில் கூச்சப்பட்டு யாரும் கேட்பதில்லை. நீங்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்னொன்று, ஒருமுறை பொருத்தியதை எடுக்க வேண்டிவந்தால் மறுபடி அதே முன்பக்க வழி. அதற்குள் ரத்தக் குழாய்கள் தழும்போடு ஒட்டிக்கிடக்கும். அதைத் தொட அனுபவசாலிகளே யோசிப்பார்கள். ஆறு மாதம் கழித்து ராத்திரி மூன்று மணிக்கு ஏதாவது என்றால், உங்கள் ஊரிலிருந்து யாருக்குப் போன் செய்வீர்கள்? ஏஜென்ட் எடுப்பாரா?

துண்டை மட்டும் எடுத்தால் திரும்ப வரும் என்று பயமுறுத்தியிருப்பார்கள். வரலாம், பொய்யில்லை. கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் அதைத்தான் 2014லும் 2015லும் மூன்று முறை செய்துகொண்டார். கடைசியில் 2017 ஏப்ரலில் உங்களுடைய அதே எல்5-எஸ்1ஐ ஒட்டவைத்தார்கள். 2019 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை ஜெயித்தார். 2025 அக்டோபரில் அதற்கு மேலே உள்ள எல்4-எல்5 டிஸ்க்கை நியூயார்க்கில் மாற்றிக்கொண்டார். எல்லாப் பணமும் எல்லா டாக்டர்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மனிதர், சின்னதிலிருந்துதான் தொடங்கினார். மாற்றுக்கு வந்தது கடைசியில், ஐம்பதை நெருங்கும்போது. அவர் மேல் யாரும் விழுவதுமில்லை.

உங்கள் ஊசியும் மாத்திரையும் என்னவென்று எழுதவில்லை. முதுகில் போடுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. 2022 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் அந்த வகை ஸ்டீராய்டை எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் ஊக்கமருந்துத் தடையில் வரும். டிரமடால் மாத்திரை 2024 ஜனவரியிலிருந்து அதே கணக்கு. மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மருத்துவ விலக்கு வாங்க வேண்டுமா என்று விசாரியுங்கள். முதுகு காப்பாற்றப்பட்டு வேலை போனால் அதைவிடக் கொடுமை இல்லை.

என்னைக் கேட்டால், ஜெர்மனி வேண்டாம். என்றைக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்தக் கால்வலிக்கு வேண்டாம். கோவையோ சென்னையோ, முதுகெலும்பு மட்டுமே பார்க்கும் இரண்டு சர்ஜன்களை, ஒருவருக்கு மற்றவரைத் தெரியாதபடி, பாருங்கள். ஏஜென்ட்டின் ஃபைல் வேண்டாம், எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டுபோங்கள். குதிகாலை உயர்த்தி இடது காலில் மட்டும் பத்து முறை எழும்ப முடிகிறதா என்று போவதற்கு முன் வீட்டிலேயே பார்த்து, அதையும் சொல்லுங்கள். ஸ்க்ரூ என்று சொன்னவரிடம் எதற்காக என்று காரணம் கேளுங்கள். துண்டை எடுத்தபிறகு எத்தனை மாதம் பிசியோ, எப்போது ஓட்டம், எப்போது கபடி விரிப்பில் பிடி என்று எழுதி வாங்குங்கள். கார்னரை விட்டு வேறு இடத்துக்கு மாறலாமா என்று கோச்சிடமும் ஒரு வார்த்தை பேசலாம். நான் ஆட்டத்தை விட்டது ஆபரேஷனால் இல்லை, நாலே வாரத்தில் வலி போனதும் பிசியோவுக்குப் போவதை நிறுத்தினேன், அதனால். இதை அந்தக் கட்டுரையில் எழுதாமல் மறைத்துவிட்டேன்.

நிலத்துக்கு முன்பணம் இன்னும் வாங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். சம்பாவுக்கு நாள் இருக்கிறது, அப்பாவை நாற்று விடச் சொல்லுங்கள்.