கொழும்பு அலுவலகத்தில் பந்தம் பிடிக்காமல் புரமோஷன் எடுக்க முடியுமா?

கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்கு வருடமாக வேலை செய்யும் ஒருவரின் கேள்வி இது. வேலையில் பிழை விடுவதில்லை, லீவும் அதிகம் எடுப்பதில்லை. ஆனால் முகாமையாளரோடு சிரித்துக் கதைக்கிறவர்களுக்குத்தான் பதவி உயர்வு போகிறது. தானும் பந்தம் பிடிக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

வேண்டாம். அதேநேரம், ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தால் என்றாவது யாராவது கண்டுகொள்வார்கள் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். நான் கொழும்பில் ஒரு நிதிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பதவி உயர்வு தீர்மானிக்கும் கூட்டங்களில் இருந்திருக்கிறேன். அங்கே ஒரு பெயர் வாசிக்கப்படும். அந்தப் பெயருக்குரியவரின் மேலதிகாரி இரண்டு வசனம் சொல்வார். பிறகு வேறு பிரிவுத் தலைவர் ஒருவர் "ஓம், எனக்கும் அவரைத் தெரியும், நல்லாச் செய்வார்" என்றால் அந்தப் பெயர் தேறிவிடும். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். பெரும்பாலும் யாருக்கும் உங்கள் மேல் கோபம் இருக்காது. உங்களைப் பற்றிச் சொல்ல அவர்கள் கையில் எதுவும் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் இல்லாத அந்த அறையில் உங்களுக்காகச் சொல்லப்பட வேண்டிய இரண்டு வசனத்தை நீங்கள்தான் முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும்.

எங்கள் கணக்கு வேலையில் இது இன்னும் கஷ்டம். மாத முடிவுக் கணக்கு நேரத்துக்கு முடிந்தால் யாருக்கும் தெரியாது, பிந்தினால் முழுக் கட்டிடத்துக்கும் தெரியும். ஒரு உதாரணம் சொல்கிறேன். 2024 ஜனவரி 1ஆம் திகதி வற் வரி (பெறுமதி சேர் வரி) 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. அதுவரை வரி விலக்கு இருந்த பல பொருட்களும் வரிக்குள் வந்தன. அதற்கு முந்தைய டிசம்பரில் கொழும்பில் கணக்குப் பிரிவுக்காரர் எல்லோருமே சிஸ்டத்தில் விலைப்பட்டியல்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை அதோடு நிற்கவில்லை. எந்த வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் விலை வரியோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது, அதில் நிறுவனத்துக்கு எவ்வளவு நட்டம் வரும் என்று ஒரே பக்கத்தில் எழுதினார். தன் முகாமையாளரிடம் காட்டி, "சேர், இதை விற்பனைப் பிரிவுக்கும் அனுப்பட்டா?" என்று கேட்டுவிட்டு அனுப்பினார். விற்பனைப் பிரிவுத் தலைவருக்கு அது அந்த வாரமே தேவைப்பட்டது. அடுத்த பதவி உயர்வுக் கூட்டத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் வந்ததும் முதலில் பேசியது அந்த விற்பனைப் பிரிவுத் தலைவர்தான், பிள்ளையின் சொந்த மேலதிகாரிகூட இல்லை.

இதில் யாரையும் புகழவில்லை, யாரைப் பற்றியும் கோள் சொல்லவில்லை. செய்த வேலையின் பயனை இன்னொரு பிரிவுக்குப் புரியும்படி எழுதினார். உங்கள் பிரிவுக்கு வெளியே இரண்டு பேருக்காவது உங்கள் வேலை தெரிந்திருக்க வேண்டும். மேலதிகாரியிடமும் சொல்லாமல் செய்யக்கூடாது. தன்னைத் தாண்டிப் போகிறார் என்று அவர் நினைத்தால் எல்லாம் கெட்டுவிடும்.

மற்றவர் உங்கள் வேலையைத் தன்னுடையது என்று காட்டும் விஷயம் எல்லா இடத்திலும் உண்டு. கூட்டத்தில் சண்டை பிடிக்காதீர்கள். கூட்டத்துக்கு முன்பே, "நாளைக்கு வரப்போகும் அட்டவணையை முடித்துவிட்டேன், இந்த இரண்டு இலக்கத்தைக் கவனியுங்கள்" என்று மேலதிகாரிக்கு நான்கு வரி ஈமெயில் அனுப்பிவிட்டால் போதும். யார் செய்தது என்ற கேள்விக்கே இடம் இருக்காது.

இனி, நம்மவர்கள் வெளியில் அதிகம் கதைக்காத ஒன்று. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்து, வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்து, கோட்டையிலோ யூனியன் பிளேஸிலோ வேலைக்குப் போகிற பிள்ளைகள் நன்றாகப் படித்தவர்கள், சீமாவோ சார்ட்டட்டோ போன்ற கணக்கியல் தொழில்முறைப் பரீட்சைகள் முடித்தவர்கள். ஈமெயில் ஆங்கிலத்தில் வரும், அதில் குறையில்லை. ஆனால் தேநீர் குடிக்கும் இடத்தில் கதை சிங்களத்தில் நடக்கும். யார் விலகப் போகிறார், எந்தப் பிரிவைப் பெரிதாக்கப் போகிறார்கள் என்பது முதலில் தெரிய வருவது அங்கேதான். நம் பிள்ளைகள் சோற்றுப் பார்சலோடு ஒரே தமிழ் மேசையில் இருந்துவிட்டு எழும்பிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து சிங்களம் பேசப் பழகுங்கள். இலக்கணப் பிழையோடு பேசினாலும் பரவாயில்லை. அதனால் உங்கள் தமிழ் ஒரு துளியும் குறையாது.

தமிழர் என்பதால்தான் தரவில்லையா என்ற எண்ணம் வரும். அப்படி நடப்பதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதேபோலப் பாடசாலைத் தொடர்பும் உண்டு. மார்ச்சில் றோயல் – தோமியன் மட்ச் (இரண்டு பெரிய பாடசாலைகளின் கிரிக்கெட் போட்டி) வந்தால் சில அலுவலகங்களில் பாதிக் கதிரை வெறுமையாக இருக்கும், மைதானத்தில் பழகியவர்கள் அலுவலகத்திலும் ஒருவரையொருவர் தூக்கிவிடுவார்கள். இதெல்லாம் அநியாயம்தான், எனக்கும் கோபம் வரும். ஆனாலும் அந்த முடிவுக்கு வருவதற்கு முன், மேலதிகாரியிடம் நேரே கேட்டுப் பாருங்கள்: "அடுத்த தரத்துக்குப் போக என்னிடம் இன்னும் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" திட்டமான பதில் வந்தால் அதை அன்றைக்கே ஈமெயிலில் எழுதி அவருக்கு அனுப்புங்கள். அவர் சொன்னதைச் செய்து முடித்த பிறகும் ஒவ்வொரு முறையும் புதுக் காரணம் வந்தால், அங்கே உங்களுக்கு இடம் இல்லை என்று அர்த்தம். வேறு வேலை தேடத் தொடங்குங்கள். கேட்காமலே மனதுக்குள் வருடக்கணக்கில் புழுங்குவதுதான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாதது.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிற நிறுவனம் என்றால், மார்ச்சில் மதிப்பீட்டுப் படிவம் கைக்கு வரும்போது அடுத்த வருடச் சம்பளப் பட்ஜெட் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். நவம்பரிலேயே பேச்சை எடுங்கள். வங்கிகளைப் போல டிசம்பரில் கணக்கு முடிக்கிற இடமென்றால் ஓகஸ்ட், செப்டெம்பர்.

2022 நெருக்கடிக்குப் பிறகு நிறையப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களின் வேலை மிச்சம் இருந்தவர்களின் தலையில் வந்தது. உங்களுக்கும் அப்படி மேல் தரத்தில் இருந்த ஒருவரின் வேலை தரப்பட்டிருந்தால், எந்தத் திகதியிலிருந்து செய்கிறீர்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பதில் கடமை என்று ஒரு கடிதமாவது இருக்கட்டும். கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், புரமோஷன் கடிதம் வரும்போது பதவிப் பெயரில் மயங்கிவிடாமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள். சில இடங்களில் முழு உயர்வையும் பயணப்படி, தொலைபேசிப்படி என்று பிரித்துத் தருவார்கள். கைக்கு வரும் தொகை ஒன்றுதான். ஆனால் அந்தப் படிகளைப் பெரும்பாலும் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கணக்கில் சேர்ப்பதில்லை. அடிப்படைச் சம்பளம் கூடினால்தான் நிறுவனம் போடும் 12 வீத ஈ.பி.எப்., உங்கள் 8 வீதம், நிறுவனம் போடும் 3 வீத ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) எல்லாம் கூடும். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் 5 வருடம் முடித்தால், வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். உங்களுக்கு நான்கு வருடம் முடிந்துவிட்டது, அதற்கு இன்னும் ஒரு வருடம்தான். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் எச்.ஆரிடம் போய், உயர்வில் எவ்வளவு அடிப்படைச் சம்பளத்தில் சேர்கிறது என்று கேளுங்கள். குறைவாக இருந்தால் அந்த இடத்திலேயே மாற்றித் தரச் சொல்லலாம். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்பது கஷ்டம்.