லுட்ஸ் போனதுக்கு அவசரப்படாதேங்கோ

அக்கா, ஃபிகர் ஸ்கேட்டிங் (பனிச்சறுக்கு நடனம்) செய்யிற உங்கட 15 வயதுப் பிள்ளை ஒரு வருசத்தில 7 செ.மீ. வளர்ந்து, ட்ரிப்பிள் லுட்ஸ் (காற்றில மூண்டு சுத்துச் சுத்திற ஒரு தாவல்) கைவிட்டுப் போச்சு, ஜூனியர் பிரிவில பிந்தமுதல் சீனியர் பிரிவுக்கு ஏத்தவோ எண்டு கேட்டிருந்தீங்கள். என்ர மகளும் இதே வயசில இதே பாடுதான் பட்டவள்.

முதல்ல, சர்வதேசப் போட்டிக்கு ஓடித் திரிய வேண்டியதில்லை. 2024-25 பருவத்தில இருந்து ஜூலை 1க்கு முன்னம் 17 வயசு நிரம்பினால்தான் சீனியர். ஜப்பான் வீராங்கனை மாவோ ஷிமாடா நான்கு சுற்றுத் தாவலே செய்யிற பிள்ளை. 2023, 24, 25 மூண்டு வருசமும் உலக ஜூனியர் பட்டம் எடுத்தும் வயசு காணாமல் ஜூனியரிலதான் நிண்டவ.

உள்ளூர்ச் சீனியர் எண்டாலும் நான் பொறுப்பன். ஃப்ரீ ஸ்கேட், அதாவது போட்டியில ஆடுற நீண்ட ஆட்டம், மூண்டரை நிமிசத்தில இருந்து நாலு நிமிசம் ஆகும். அந்த அரை நிமிசம் கடைசித் தாவல்களில கால் தள்ளாடேக்கதான் விளங்கும்.

லுட்ஸ் மறந்து போகேல்ல. கை கால் நீண்டால் அதே வேகத்தில சுத்த ஏலாது, அவ்வளவுதான். இறங்கின இடத்தைக் குனிஞ்சு பாருங்கோ. பிளேட் கீறல் வளைவாத் தொடங்காமல் கொக்கி மாதிரி மடிஞ்சிருந்தால் சுத்து முடியமுதல் இறங்கியிருக்கிறா. அப்ப ட்ரிப்பிளை விட்டிட்டு இரண்டு சுத்து டபிளைச் சுத்தமாச் செய்யட்டும். சப்பாத்து இறுக்கமோ எண்டும் பாருங்கோ, நாங்கள் அதைக் கவனிக்காமல் இரண்டு மாசம் வீணாக்கினாங்கள். முழங்காலுக்குக் கீழ நோ இருந்தால் தாவலை நிப்பாட்டி டாக்டரிட்டக் காட்டுங்கோ.

பெரிய தாவல் பிந்தினாலும் பயப்படாதேங்கோ. ஜப்பான் வீராங்கனை கவோரி சகமோட்டோ, லுட்ஸைவிடக் கஷ்டமான ட்ரிப்பிள் ஆக்சல் தாவல்கூட இல்லாமல் 2022 தொடக்கம் 2024 வரை உலக சாம்பியன். மூண்டாவது பட்டம் எடுக்கேக்க அவவுக்கு 23 வயசு.