தொழில்முறை ஐஸ் ஹாக்கி இன்று எப்படி இருக்கிறது? அதை மேம்படுத்த என்ன செய்யலாம்?

ஆட்டம் மிக நன்றாக இருக்கிறது. அதை நடத்தும் விதிகள்தான் பல இடங்களில் தோல்விக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை மாற்றப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மாற்று விதிகள் வேறு இடங்களில் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன. நான் டொரண்டோவில் வசிப்பவன், ஹாக்கியை விடாமல் பார்ப்பவன். ஆகவே இந்தப் பதில் பெரும்பாலும் வட அமெரிக்காவின் என்.எச்.எல். (நேஷனல் ஹாக்கி லீக்) பற்றியே இருக்கும்.

முதலில் நல்ல செய்தி. என்.எச்.எல்.லில் இப்போது 32 அணிகள். பாலைவன நகரமான லாஸ் வேகாஸ் தன் ஆறாவது சீசனிலேயே, 2023இல், லீகின் சாம்பியனுக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அடுத்த இரண்டு ஆண்டும் கோப்பை ஃபுளோரிடாவுக்குப் போனது. பனியை அரிதாகவே பார்க்கும் ஊர்களில் இந்த ஆட்டம் வேர்பிடித்திருக்கிறது. கொரோனா காலத்தில் ஓர் அணியின் ஊதிய உச்சவரம்பு 8.15 கோடி டாலரிலேயே நின்றுபோனது. 2025-26 சீசனில் அது 9.55 கோடி. ஆட்டத்தின் வேகமோ சொல்லி மாளாது. நட்சத்திர வீரர் கானர் மெக்டேவிட் நடுக்கோட்டில் வேகமெடுத்து, பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை) குச்சியின் நுனியில் வைத்துக்கொண்டே இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே புகுந்து போவதைப் பாருங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் அவரைக் கொக்கி போட்டு இழுத்து நிறுத்தியிருப்பார்கள். நடுவரும் பெரும்பாலும் கண்டுகொண்டிருக்க மாட்டார்.

சறுக்கல்களும் உண்டு. அரிசோனா அணி தன் கடைசி இரண்டு சீசன்களை ஐயாயிரம் பேர்கூட உட்கார முடியாத பல்கலைக்கழக அரங்கில் ஆடிவிட்டு, 2024இல் சால்ட் லேக் சிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. கனடிய அணி எதுவும் 1993இல் மாண்ட்ரியல் வென்ற பிறகு 2025 வரை கோப்பையைத் தொடவில்லை. இங்குள்ளவர்களுக்கு அது ஆறாத மனக்குறை. ஆனால் அது லீகின் குறை அல்ல என்பதால் அதற்குள் போகவில்லை.

என்னை உண்மையில் வருத்துவது புள்ளிப் பட்டியல். சீசன் ஆட்டம் 60 நிமிடத்துக்குள் முடிந்தால் வென்ற அணிக்கு 2 புள்ளி, தோற்ற அணிக்கு எதுவும் இல்லை. சமநிலையில் நின்றால், பக்கத்துக்கு மூன்று பேர் ஆடும் ஐந்து நிமிடக் கூடுதல் நேரம். அதிலும் முடியாவிட்டால், வீரர்கள் ஒவ்வொருவராகத் தனியே கோல் காப்பாளரை எதிர்கொள்ளும் ஷூட்-அவுட். அங்கே வென்றவருக்கு அதே 2 புள்ளி, தோற்றவருக்கும் 1 புள்ளி. 1999-2000 சீசனில் இந்த ஆறுதல் புள்ளி வந்தபோது, கூடுதல் நேரத்தில் அணிகள் பயமில்லாமல் ஆடட்டும் என்பதே நோக்கம். நோக்கம் நல்லதுதான். விளைவு என்ன? 60 நிமிடத்தில் முடியும் ஆட்டத்தில் மொத்தம் 2 புள்ளி. இழுத்துக்கொண்டே போனால் மொத்தம் 3 புள்ளி. சமநிலையில் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்ட இரண்டு பயிற்சியாளர்களும் எதை விரும்புவார்கள்?

மார்ச் மாதத்து ஆட்டம் ஒன்றின் கடைசி நான்கு நிமிடங்களைக் கவனித்துப் பாருங்கள். 2-2. தடுப்பாட்டக்காரர் தன் சொந்த கோல் வலைக்குப் பின்னால் பக்கோடு நிற்கிறார். எதிரணியிலிருந்து ஒருவர் மட்டும் பேருக்கு நெருங்குகிறார். மற்ற நால்வரும் நடுக்கோட்டில் வரிசை கட்டி நிற்கிறார்கள். தடுப்பாட்டக்காரர் பக்கைத் தன் ஜோடிக்குத் தள்ளுகிறார், ஜோடி திருப்பித் தருகிறார். பிறகு நடுக்கோட்டைத் தாண்டி ஒரே தட்டில் எதிர் மூலைக்கு அனுப்பிவிட்டு ஐந்து பேரும் பெஞ்சுக்குப் போய் ஆள் மாற்றிக்கொள்கிறார்கள். இரண்டு அணிகளும் வேறு வேறு கான்ஃபரன்ஸ் (லீகின் இரு பிரிவுகள், தனித்தனிப் பட்டியல்) என்றால் இன்னும் மோசம். எதிரணிக்குப் போகும் புள்ளியால் யாருக்கும் நஷ்டமில்லை. விறுவிறுப்பாக இருக்க வேண்டிய நிமிடங்கள் டிராவுக்கு ஆடும் டெஸ்ட் போட்டியின் கடைசி மணி நேரம் போல ஆகிவிடுகின்றன. கைச்செலவைச் சுருக்கி டிக்கெட் வாங்கியவர்களுக்கு இது அநியாயம்.

பட்டியலும் பொய் பேசுகிறது. 2023-24 சீசனில் வாஷிங்டன் 40 வெற்றி, 31 தோல்வி, கூடுதல் நேரத்திலோ ஷூட்-அவுட்டிலோ 11 தோல்வி. டெட்ராய்ட் 41 வெற்றி, 32 தோல்வி, 9 கூடுதல் நேரத் தோல்வி. இரண்டுக்கும் 91 புள்ளி. ஒரு வெற்றி அதிகமாகப் பெற்ற டெட்ராய்ட் வீட்டுக்குப் போனது, வாஷிங்டன் கோப்பைக்கான இறுதிக் கட்டச் சுற்றான பிளே-ஆஃபுக்குப் போனது. ஏன்? 60 நிமிடத்துக்குள் பெற்ற வெற்றிகள் வாஷிங்டனுக்குத்தான் அதிகம். சமன்முறிக்கும் விதி அதைத்தான் பார்க்கிறது. எனக்கு அந்த முடிவில் குறை இல்லை. முழு நேரத்தில் வெல்வதே உயர்ந்த வெற்றி என்று லீகே ஒப்புக்கொள்ளும்போது, அதை ஏன் கடைசி நாள் வரை எண்ணாமல் வைத்திருக்க வேண்டும்?

தீர்வு எளிது. முழு நேர வெற்றிக்கு 3, கூடுதல் நேர வெற்றிக்கு 2, அங்கே தோற்றால் 1, முழு நேரத்தில் தோற்றால் பூஜ்யம். எல்லா ஆட்டத்துக்கும் மொத்தம் 3 புள்ளி. சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு இதை நெடுங்காலமாகப் பின்பற்றுகிறது. 2024 ஜனவரி 1 அன்று தொடங்கிய பெண்களுக்கான தொழில்முறை லீகும் முதல் நாளிலிருந்தே இப்படித்தான் எண்ணுகிறது.

அந்தப் பெண்கள் லீகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தொழில்முறை ஹாக்கியில் இன்று மிகத் தெளிவாக யோசிப்பவர்கள் அவர்கள்தான் என்று நம்புகிறேன். தொடங்கியபோது ஆறு அணிகள். 2025-26 சீசனில் வான்கூவரும் சியாட்டிலும் சேர்ந்து எட்டானது. டொரண்டோ அணி முதல் சீசனில் மூவாயிரம் பேர்கூடக் கொள்ளாத அரங்கில் ஆடியது. டிக்கெட் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அதே ஆண்டு ஏப்ரலில் மாண்ட்ரியலில் டொரண்டோவோடு நடந்த ஆட்டத்துக்கு 21,105 பேர் வந்தார்கள். பெண்கள் ஹாக்கிக்குக் கூட்டம் வராது என்று பல்லாண்டு சொல்லிவந்தவர்களுக்கு அதற்கு மேல் பதில் தேவையில்லை.

அவர்களுடைய இரண்டு விதிகளை என்.எச்.எல். அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, பெனால்டியால் ஓர் ஆள் குறைவாக ஆடும் அணி அந்த நேரத்தில் கோல் போட்டால், தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் வீராங்கனை உடனே ஆட்டத்துக்குத் திரும்பிவிடலாம். இப்போது என்.எச்.எல்.லில் ஆள் குறைந்த அணி பக்கைத் தூர எறிந்துவிட்டு மூச்சுவாங்குவதோடு சரி. கோலுக்குப் பலன் உண்டு என்றால் தாக்குவதற்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். என்.எச்.எல்.லில் பட்டியலின் அடியில் கிடக்கும் அணிக்கே இளம் வீரர் தேர்வில் முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். குலுக்கல் உண்டு என்றாலும் தோற்கத் தோற்க வாய்ப்பு கூடும். 2015 மார்ச் 26 அன்று பஃபலோவில் என்ன நடந்தது தெரியுமா? கடைசி இடத்துக்காக பஃபலோவும் அரிசோனாவும் போட்டியிட்ட சீசன் அது. மெக்டேவிட் தேர்வுக்கு வரும் ஆண்டு. கூடுதல் நேரத்தில் அரிசோனா கோல் போட்டது. தங்கள் சொந்த அரங்கில், தங்கள் அணி தோற்றதற்கு, பஃபலோ ரசிகர்கள் எழுந்து ஆரவாரம் செய்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விதி அவர்களை அப்படி ஆக்கியது. இவ்வளவுக்கும் பிறகு குலுக்கலில் மெக்டேவிட் எட்மண்டனுக்குப் போய்விட்டார். அடுத்த பத்து சீசன்களில் ஒருமுறைகூட பஃபலோ பிளே-ஆஃபுக்குள் நுழையவில்லை.

பெண்கள் லீகில் இது தலைகீழ். பிளே-ஆஃப் வாய்ப்பு போய்விட்டது என்று உறுதியான நாளிலிருந்து ஓர் அணி சேர்க்கும் புள்ளிகளே முதல் தேர்வு யாருக்கு என்று முடிவு செய்கின்றன. பலவீனமான அணி முன்கூட்டியே வெளியேறும்; ஆகவே புள்ளி சேர்க்க அதற்கு அதிக ஆட்டங்கள் கிடைக்கும். பலவீனமானவருக்கு உதவியும் உண்டு, ரசிகர் தன் அணியின் வெற்றிக்குக் கைதட்டவும் முடியும்.

வீரர்களின் உயிர் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், நாட்டிங்ஹாம் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த ஆடம் ஜான்சனின் கழுத்தை எதிரணி வீரரின் ஸ்கேட் கத்தி அறுத்தது. அவர் இறந்துபோனார். கழுத்துக் கவசம் என்பது வெட்டுப்படாத நூலால் நெய்த ஒரு பட்டை, அவ்வளவுதான். சர்வதேசக் கூட்டமைப்பு தன் போட்டிகள் அனைத்திலும் அதைக் கட்டாயமாக்கிவிட்டது. என்.எச்.எல். 2026-27 சீசனிலிருந்து, அதுவும் புதிதாக லீகுக்குள் வருபவர்களுக்கு மட்டும், கட்டாயமாக்க ஒப்பந்தம் போட்டிருக்கிறது. தலைக்கவசத்திலும் இதே கதை. 1979இல் புதியவர்களுக்கு மட்டும் கட்டாயம் என்றார்கள். கவசமில்லாமல் ஆடிய கடைசி வீரர் ஓய்வுபெற்றது 1997இல். கண்ணைக் காக்கும் முகத்திரையும் 2013இல் இப்படித்தான் வந்தது. ஒவ்வொரு பாதுகாப்புக்கும் ஒரு தலைமுறை ஓய்வுபெறும் வரை காத்திருக்கிறார்கள். கத்தி பழைய வீரர், புதிய வீரர் என்று பார்க்காது. ஓர் ஆண்டு அவகாசம் கொடுத்து எல்லோருக்கும் ஒரே நாளில் கட்டாயமாக்குவதுதான் முறை.

தலை மீதான மோதலும் அப்படியே.  என்.எச்.எல். விதி, மோதல் முக்கியமாகப் பட்டது தலையில்தானா, அது தவிர்க்கக்கூடியதா என்று ஆராய்கிறது. சண்டைக்காரராகவே அறியப்பட்ட டெரெக் பூகார்ட் 2011இல் 28 வயதில் இறந்தார். அடிமேல் அடி பட்டவர்களுக்கு வரும் சி.டி.இ. என்னும் மூளைச் சிதைவு நோய் அவர் மூளையில் கண்டுபிடிக்கப்பட்டது. இதற்குப் பிறகும் வார்த்தைகளை எடைபோட்டுக்கொண்டிருப்பது சரியில்லை.

ஒரு சீசனில் ஓர் அணியின் ஆட்ட எண்ணிக்கையை 2026-27 முதல் 82லிருந்து 84 ஆக்குகிறார்கள். நான் குறைத்திருப்பேன், அடுத்தடுத்த இரவுகளில் ஆடிக் களைத்த அணியைப் பார்க்கப் பணம் கொடுப்பதில் மகிழ்ச்சி இல்லை.

கடைசியாக, பணம். கனடாவில் ஒளிபரப்பு உரிமை 2026-27 முதல் 12 ஆண்டுகளுக்கு 1,100 கோடி கனடிய டாலருக்கு விற்கப்பட்டிருக்கிறது. ஆனால் என் அண்ணன் மகள் ஆடும் அணியில் கோல் காப்பாளராக நிற்க யாரும் முன்வருவதில்லை. பயந்து அல்ல. காலட்டை, மார்புக் கவசம், கையுறை, முகமூடி எல்லாம் தனியாக வாங்க வேண்டும், பிள்ளை வளர வளர மாற்ற வேண்டும். அதோடு பனித்தரை வாடகை. மலிவான நேரம் என்றால் விடிவதற்கு முன். எங்களைப் போல் புலம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் கூடைப்பந்துக்கும் கால்பந்துக்கும் போவதில் வியப்பில்லை. 2008இல் பஞ்சாபி மொழியில் ஹாக்கி வர்ணனை தொடங்கியதும் தாத்தா பாட்டிகள்கூட டிவி முன் உட்கார்ந்தார்கள். அந்த வர்ணனையில் வளர்ந்த ஹர்நாராயண் சிங் பிறகு ஆங்கில வர்ணனைக்கும் வந்தார். ஆர்வத்துக்குக் குறைவில்லை, செலவுதான் தடுக்கிறது. அந்த 1,100 கோடியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, நகராட்சி அரங்குகள் ஒவ்வொன்றிலும் கோல் காப்பாளர் கவசங்களை எல்லா அளவிலும் வாங்கி வைத்து, நூலகப் புத்தகம் மாதிரி சீசன் முழுக்க இரவல் கொடுக்கச் சொல்வேன்.