வாசகர் கேள்வி – பதில்: சோதனை ஓட்டத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: போர்முலா 1 சோதனை ஓட்டத்தில் நேரப்பட்டியலில் முதலாவதாக நிற்கும் கார்தான் அந்த வருடம் வெல்லுமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: அந்தப் பட்டியலை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. தாங்கியில் எவ்வளவு எரிபொருள் என்பது அதில் இல்லை. 10 கிலோ கூடினால் சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 செக்கன் போய்விடும். ஒருவர் 60 கிலோவோடும் மற்றவர் 10 கிலோவோடும் ஓடினால், அதிலேயே 1.5 செக்கன் வித்தியாசம். ரயரின் மென்மையும் எஞ்சின் வலுவும் தனி.

தொடர் ஓட்டத்தைப் பாருங்கள். ஒரே ரயரில் 12–15 சுற்று ஓடும்போது, முதற் சுற்றையும் பிற்றுக்கு (ரயர் மாற்றும் அணித் தரிப்பிடத்துக்கு) திரும்பும் சுற்றையும் விட்டுவிட்டு மிச்ச நேரங்களைக் கொப்பியில் வரிசையாக எழுதுங்கள். 2019 முதல் 2025 வரை ஒரு போட்டிக்கு 110 கிலோ எரிபொருள்தான் உச்சம். பஹ்ரெய்ன் போட்டி 57 சுற்று. ஆக சுற்றுக்கு 1.9 கிலோ அளவில் எரியும். அந்தப் பாரம் குறையக் குறைய, ஒவ்வொரு சுற்றும் 0.06 செக்கனளவு வேகமாக வேண்டும். நேரம் அசையாமல் நின்றால், அந்த லாபத்தை ரயர்த் தேய்வு எடுத்துவிடுகிறது. நேரம் ஏறிக்கொண்டே போனால் அந்தக் கார் ரயரைத் தின்கிறது; எனக்கு அதுதான் முதலாவது கவலைக்குறி.

ஆனாலும் முன்னுக்கு நிற்பதெல்லாம் பொய் என்றும் தள்ளக்கூடாது. 2009 மார்ச்சில் பார்சிலோனா சோதனை ஓட்டத்தில் பிரான் ஜிபி அணி முந்தியபோது, அனுசரணை தேடி எடை குறைத்து ஓடுகிறார்கள் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அவ்வருட முதற் போட்டியில், மெல்பேர்ணில், முதல் இரண்டு இடங்களும் அவர்களுக்கே. அவ்வருட ஓட்டுநர், அணிப் பட்டங்கள் இரண்டும்கூட.

கேள்வி: காரில் பச்சைச் சாயத்தை அப்பிவிட்டு ஓடுகிறார்களே, எதற்கு?
– மாணவர், மாங்குளம்

பதில்: அது ஒளிரும் தூளை இலேசான எண்ணெயில் கரைத்த கலவை. கராஜை விட்டுக் கார் வெளிக்கிடும் கடைசி நேரத்தில் பூசுவார்கள். முந்திப் பூசினால் நிற்கும்போதே வழிந்துவிடும். ஓடும்போது காற்று அதை இழுத்துக் காயவைக்கும். மெல்லிய நேர்கோடுகள் விழுந்தால் காற்று உடலோடு ஒட்டிப் போகிறது. சாயம் தேங்கியோ பின்னோக்கிச் சுருண்டோ கிடந்தால், அவ்விடத்தில் காற்று பிரிந்துவிட்டது.

கிரவல் ரோட்டால் வந்த வானின் பின்கண்ணாடியில் செம்புழுதி அப்பிக் கிடப்பதும் இதனால்தான்: கூரை விளிம்பில் பிரிந்த காற்று பின்னால் சுழன்று புழுதியை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

கேள்வி: 2022 இல் நேர்பாதையில் கார்கள் ஏன் குதித்தன? காற்றுச் சுரங்கத்தில் முன்பே தெரியவில்லையா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: அவ்வருட விதியில் காரின் அடித்தளத்தில் காற்றுக் குடைவுகள் வந்தன. வேகம் கூட, அடித்தளம் நிலத்தை நோக்கி உறிஞ்சப்படும். இடைவெளி அளவுக்கு மிஞ்சிச் சுருங்கினால் காற்றோட்டம் முறிந்து கீழ்நோக்கிய அழுத்தம் விழும்; கார் எழும்பும். எழும்பியதும் காற்று திரும்ப ஓடும், திரும்ப உறிஞ்சும். காற்றை ஊதிச் சோதிக்கும் அந்தச் சுரங்கத்தில் 60 சதவீத அளவு மாதிரிக் கார்தான், காற்று வேகமும் செக்கனுக்கு 50 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. ரயரும் சஸ்பென்ஷனும் அமுங்கி எழும் ஆட்டம் அங்கே சரியாக வராது. காரை உயர்த்தினால் குதிப்பு அடங்கும், ஆனால் வளைவில் பிடிமானம் குறையும். 2023 இல் அடித்தள ஓரங்களை 15 மில்லிமீற்றர் உயர்த்தும்படி விதியே மாறியது.