சின்ன விஷயத்துக்கெல்லாம் டென்ஷன் ஆகிறதே, காரணம் வேலையா, மனசா?

வேலையும் ட்ராஃபிக்கும் எல்லோருக்கும் இருக்க, உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு டென்ஷன் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்தவரை ட்ராஃபிக் பாதிதான். மீதிக்கு, நாம் கவனிக்காத ஓர் உணர்ச்சி உள்ளே உட்கார்ந்திருக்கும்.

என் அக்கா அண்ணா நகரிலிருந்து கிண்டிக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர். போன வருஷம் கொஞ்ச காலம் வீட்டுக்கு வந்ததும் எரிந்து விழுவார். தோசை தீய்ந்தால் சண்டை, மகன் சாக்ஸை சோபாவில் போட்டால் சண்டை. கேட்டால், "வடபழனி சிக்னலைத் தாண்டி வந்து பாரு, தெரியும்" என்பார். அப்போது அப்பாவுக்கு பயாப்ஸி எடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தோம். போனில் அம்மா பேர் வந்தாலே அக்காவின் கை கழுத்துச் செயினைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று ரிங் போனபிறகுதான் எடுப்பார். அத்தனை கோபத்துக்கும் அடியில் இருந்தது பயம். ரிசல்ட் நல்லபடியாக வந்த வாரமும் அதே சிக்னல், அதே நெரிசல்தான். வீட்டில் சத்தமில்லை.

பயமோ அவமானமோ தாக்கினால் மூளையில் ஆபத்தைக் கவனிக்கிற அமிக்டலா என்ற சின்னப் பகுதி உஷாராகிறது. நொடிகளில் அட்ரினலின் என்கிற ஹார்மோன் சுரந்து நெஞ்சு படபடக்கும். பின்னாலேயே கார்ட்டிசால் என்கிற இன்னொரு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் வரும்; அது உச்சத்துக்குப் போகவே 20, 30 நிமிஷம் ஆகும், அடங்க இன்னும் நேரம் பிடிக்கும். காலையில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தையை மத்தியானச் சாப்பாட்டின்போது மனசுக்குள் ஓட்டிப் பார்த்தால், உடம்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். சாயங்காலம் பின்னால் ஒருத்தர் ஹாரன் அடிப்பார், பழி அவர்மேல் விழும்.

அதனால் "டென்ஷன்" என்று மொத்தமாகச் சொல்லாமல் பயமா, அவமானமா, பொறாமையா, துக்கமா என்று பிரித்துப் பாருங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், கோப முகத்தையும் பய முகத்தையும் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது. பயம் என்று தெரிந்தால் டாக்டரிடம் விவரம் கேட்கலாம். அவமானம் என்றால் சொன்னவரிடமே தனியாகப் பேசலாம். "அடக்கிக்கோ" என்கிற அறிவுரையை மட்டும் கேட்காதீர்கள். முகத்தில் காட்டாமல் அடக்கினால் உடம்பு உள்ளே இன்னும் பாடுபடும்.

அப்புறம், வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் தனியாகச் சமாளிக்க வேண்டாம். 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள்.